இரண்டிலிருந்து மூன்றுக்கு

இதோ வருகிறது, இதோ வருகிறது என்று தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டாள் பிலோமினா, வந்தேவிட்டது, ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது கார் முதுகில் ஒரு முட்டு முட்டியது, பின்சீட்டில் இருந்த, புண்ணுக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸிங் பை எழும்பி மறுபடி உட்கார்ந்தது, அந்தோணியார் கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஓ, சிஸ்டர் வண்டிதானே என்று மறுபடி குனிந்துகொண்டாள். புலியகுளம் முழுக்க அந்தச் சத்தம் பிரசித்தம். இது சின்ன முட்டு. பெரியது இனிமேல்தான் வரும், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது, அதற்கு இன்னும் கொஞ்சம் வேகம் பிடிக்க வேண்டும், பிடிக்காமலே உருட்டிக்கொண்டு போனால் வராது, ஆனால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே உயிரை எடுப்பான். ஆட்டோமேட்டிக் கார், கியரைத் தொடவே வேண்டாம், தானாக மாறிக்கொள்ளும் என்று எல்லோரும் வாயைப் பிளந்து கேட்ட கார், இப்போது மாறும்போதெல்லாம் ஊருக்கே அறிவித்துவிட்டுத்தான் மாறுகிறது. அதுவும் இன்றைக்கு மட்டும்தான். இன்று உக்கடத்தில் வண்டி உடைக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டால் முடிந்தது, தம்பி அமல்ராஜ் முன்னாலேயே போய் அங்கே நிற்கிறான், எல்லாம் பேசி முடித்துவிட்டான், அவனே வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் சொன்னான், இவள்தான் விடவில்லை. கடைசித் தடவை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னபோது தன் குரல் எதற்கு அப்படிக் கம்மியது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு கார். இரும்பு. அதற்குப் போய். அமல் நல்லவன், ரொம்பவே நல்லவன், அதுதான் பிரச்சினை. நீ எதுக்குக்கா கவலைப்படறே, எங்க போகணும்னாலும் கூப்பிட்டாப் போதும், நான் வந்து நிப்பேன் என்றான். கூப்பிட்டாப் போதும். கூப்பிட்டாப் போதும். ராமநாதபுரம் நோக்கித் திரும்பும்போது அந்த இரண்டு வார்த்தையும் வண்டிக்குள் எங்கேயோ கழன்ற நட்டு மாதிரி உருண்டுகொண்டே வந்தன. கூப்பிட வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வர வேண்டும். அவன் மனைவி பக்கத்தில் இருந்து என்னவாம் என்று கேட்பது காதில் விழ வேண்டும். பிறகு உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவன் வருகிற வரைக்கும்.

ஆளாளுக்கு நோய் வந்தால் கட்டிலோடு கிடக்கிறார்கள், அவளுக்கு அது பழக்கமில்லாத விஷயம், முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாகக் கட்டிலின் இந்தப் பக்கமே நின்று பழகியவள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரத்தில் வழுக்கி இடது கணுக்கால் நொறுங்கிப்போய்க் கம்பி வைத்துக் கட்டியபோதுகூட அடுத்த கட்டில்காரியின் டிரிப் நின்றுபோனதை இவள்தான் பார்த்துச் சொன்னாள். கால் ஆறியது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை, மடங்காத காலால் கிளட்சை எங்கே மிதிப்பது. அப்போதுதான் ஆஸ்பத்திரியின் பெரிய சர்ஜன் மகனோடு இருக்க வெளிநாடு புறப்பட்டார், அவருடைய பழைய ஜெர்மன் டீசல் கார், ஊரில் அந்த மாதிரி இரண்டோ மூன்றோதான், இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. சிஸ்டர், இது உங்களுக்கென்றே காத்துக்கொண்டிருந்தது என்று சாவியைக் கையில் வைத்தார். அந்த மனிதர் கோபக்காரர், ஆபரேஷன் தியேட்டரில் கத்தரிக்கோலை வீசி எறிந்தவர், ஆனால் காரைக் காட்டும்போது குழந்தை. பானெட்டைத் தூக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார், இவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சரி சார், சரி சார் என்று தலையாட்டினாள், கடைசியில் இன்ஜினின் முன்பக்கம் எதையோ தட்டிக் காட்டி என்னவோ சொல்லிவிட்டு, மாதிரிதான் சிஸ்டர் என்று சிரித்தார். எது மாதிரி. அந்த வாக்கியத்தின் வால் மட்டும் கையில் இருக்கிறது, தலை போய்விட்டது. ஏதோ மாதிரிதான் சிஸ்டர். அவர் சிரித்ததும் இவளும் சிரித்ததும் நினைவிருக்கிறது, அப்படியென்றால் தனக்குப் புரிகிற ஏதோ ஒன்றைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ராமநாதபுரம் சிக்னல் பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, தோள் தானாக இறுகியது, ஒன்று, முட்டு, இரண்டு, திருச்சி ரோட்டில் ஒரு பஸ் வழிவிட்டது, வேகம் ஏறியது, இப்போது, இப்போது, யாரோ முழங்காலை மடக்கி முதுகில் இடித்தது போல மூன்று விழுந்தது, பற்கள் ஒன்றோடொன்று மோதின, பின்னால் டிரெஸ்ஸிங் பை சீட்டிலிருந்து தரையில் விழுந்து உள்ளே பாட்டில்கள் உருண்டன. ஸ்பிரிட் பாட்டில் உடையாமல் இருந்தால் சரி. இந்த முட்டுக்கு மருந்தே இல்லை என்று சொல்லிவிட்டார் மெக்கானிக் கனகு. அவரைக் குறை சொல்ல முடியாது, மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்தார். ஆயில் மாற்றினார், வடிகட்டி மாற்றினார், ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகிற கேபிளை இழுத்துக் கட்டினார், அப்புறம் தளர்த்தினார், கடைசியாகக் குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த திருகை இரண்டு பல் திருப்பினார். யாரோ பழைய டிரைவர் சொன்னாராம். அதற்குப் பிறகு முட்டு கொஞ்சம் குறைந்தது, ஒரு வாரம் போல அவள் சந்தோஷமாக இருந்தாள், மறுபடி பழைய குருடி. கியர் பெட்டி உள்ளே தேஞ்சுபோச்சுங் சிஸ்டர், இதுக்கு சாமான் இந்த ஊர்ல கிடைக்காதுங் என்று சொல்லும்போது அவர் கையைத் துணியில் துடைத்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம். டாக்டர்கள் வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் பேசும்போது அப்படித்தான் துடைத்துக்கொள்வார்கள், ஈரம் இல்லாவிட்டாலும்.

முட்டு மட்டும் என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இந்தக் கார் நிற்கவும் மாட்டேன் என்கிறதே. சாவியைத் திருப்பினால் இன்ஜின் அணைய வேண்டும், அதுதானே உலக வழக்கம், இது சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிறகும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும், யாரையும் மதிக்காத விருந்தாளி மாதிரி. இறங்கி, நொண்டி நொண்டி முன்னால் போய், பானெட்டைத் தூக்கி, உள்ளே ஒரு சின்ன நெம்புகோலை விரலால் அழுத்திப் பிடித்தால்தான் உயிர் விடும். அமல் கூட வந்தால் அவனே முந்திக்கொண்டு ஓடிப்போய் அழுத்துவான், இரு இரு, நீ இறங்காதே என்று. அந்த இரு இரு தான் முதலில் வந்தது, கூப்பிட்டாப் போதும் அதற்குப் பிறகு. இன்ஜின் அணையாதது வேறு வியாதி, சாவிப்பூட்டு தேய்ந்துபோச்சு என்று எலெக்ட்ரீஷியன் சொன்னார், புதுப் பூட்டு போட்டார், புதுப் பூட்டுக்கும் அது கட்டுப்படவில்லை. நாலு கதவும் ஒரே சாவிக்கு டக்கென்று பூட்டிக்கொள்ளும், அதுவும் நின்றுபோயிற்று, ஆனால் அதை யாரிடமும் போய்ச் சொல்லவே இல்லை, பழைய காருக்கு எதற்கு அந்தச் சொகுசு, கையாலேயே ஒவ்வொன்றாய் அழுத்திக்கொண்டாள். ஆக மூன்று வியாதி, இரண்டு வைத்தியர்கள், வயசானால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரத்தான் செய்யும். குனியமுத்தூரில் போஸ்ட்மாஸ்டர் வேலுச்சாமி சார்கூட அதைத்தான் சொன்னார், சிஸ்டர், உங்க வண்டியும் என் காலும் ஒரே செட்டு. சர்க்கரைப் புண், பாதத்தின் ஓரத்தில், இவள் தினமும் கட்டுப் போடப் போகிற நாலு வீட்டில் அது ஒன்று, இவள் போய்த்தான் கழுவிக் கட்டுகிறாள், தெரு முக்கில் வண்டி முட்டுகிற சத்தம் கேட்டதும் அவர் வேட்டியை ஒதுக்கிக் காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துத் தயாராக இருப்பார். புண்ணில் இப்போதுதான் புதுச் சதை சிவப்பாக மேலெழும்ப ஆரம்பித்திருக்கிறது, நல்ல சிவப்பு, விட்டால் மறுபடி கருப்பாகும், கருப்பானால் விரல், விரலுக்கு அப்புறம் பாதம். இனிமே எப்படி வருவீங்க என்று அவர் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கேட்டிருந்தால் தேவலை. ஆட்டோவில் வரலாம். இந்தக் காலோடு ஆட்டோவில் ஏறி இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு வீட்டுக்குப் போகலாம், நாலு வீட்டுக்குப் போக முடியாது. நாலு வீட்டில் எந்த வீட்டை விடுவது. பயம் வயிற்றில் ஒரு குளிர்ந்த தட்டு மாதிரி உட்கார்ந்துகொண்டது, அவளுக்குப் பயம் என்று சொல்லப் பிடிக்காது, பசி என்று சொல்லிக்கொண்டாள்.

சுங்கம் சிக்னலில் சிவப்பு. நீளமான சிவப்பு, எப்போதும் அப்படித்தான். ஏ.சி.யைப் போடவில்லை, உடைக்கப்போகிற வண்டிக்கு எதற்கு ஏ.சி., கண்ணாடியும் ஏற்றியே இருந்தது, உள்ளே வியர்வையும் டீசல் வாசனையும். சரி, இந்த நேரத்தில் பையை எடுத்துவிடலாம் என்று உடம்பைத் திருப்பி இரண்டு சீட்டுக்கும் நடுவே சாய்ந்தாள், பை இடதுபக்கப் பின்கதவோடு ஒட்டிக் கிடந்தது, கை எட்டவில்லை, இன்னும் சாய்ந்தாள், கன்னம் கதவின் உறையைத் தொட்டது. அமலின் மகள் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிப் புதுநன்மை எடுத்தபோது சீட் கவர்க்காரரிடம் கொடுத்து நாலு கதவுக்கும் புதிதாகத் தைத்துப் போட்ட உறை, மாந்தளிர் நிறம், இன்னும் பசை வாசனை போகவில்லை. அந்த உறைக்கு உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். ஸ்ஸ்ஸ் என்று, மெல்லிசாக, விடாமல். இல்லை, மூச்சு விடவில்லை, இழுக்கிறார்கள், வெளியே வருகிற காற்றின் சத்தமும் உள்ளே போகிற காற்றின் சத்தமும் ஒன்றல்ல, அது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். உறையில் காதை வைத்தாள். இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எங்கே, எந்தக் கதவு, எந்தச் சுவர். சுவர். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், பச்சை, அவள் பையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், முட்டு, அதைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை. சுவரில் பித்தளைக் குமிழ், அதன் கீழே கண்ணாடிப் பாட்டில், பாட்டிலிலிருந்து ரப்பர் குழாய் தொங்கிக்கொண்டிருக்கிறது, கட்டிலில் யாரும் இல்லை, விரிப்பை மடித்து வைத்திருக்கிறார்கள், ஸ்ஸ்ஸ். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மேலே தியேட்டரில் ஒரு நோயாளியின் வயிறு திறந்து கிடக்கிறது, ரத்தத்தை உறிஞ்சுகிற சக்ஷன் இழுக்கவில்லை, சர்ஜன் கத்துகிறார், பாட்டிலை மாற்றுகிறார்கள், குழாயை மாற்றுகிறார்கள், மோட்டாரைப் போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆளாளுக்கு ஓடுகிறார்கள், ரத்தம் நிறைகிறது, சர்ஜன் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இவளைப் பார்க்கிறார், அவர் கத்தாமல் பார்த்ததுதான் அவளைக் கீழே ஓட வைத்தது. அப்போது அவளுக்கு ஓடுகிற கால் இருந்தது. வார்டு வார்டாக ஓடினாள், கட்டில் கட்டிலாகச் சுவரில் காதை வைத்துக்கொண்டே போனாள், மோட்டார் ஒன்றுதான், அதிலிருந்துதான் கட்டிடம் முழுக்கக் குழாய் போகிறது, எங்கேயோ ஒரு காலிக் கட்டிலில் ஒரு குமிழை மூடாமல் விட்டிருந்தால் போதும், இழுப்பு முழுக்க அங்கே வீணாகப் போகும், மேலே உயிருக்கு இருக்காது. பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில். குமிழைத் திருகினாள், ஸ்ஸ்ஸ் நின்றது, அந்த நொடியில் மேலே தியேட்டரில் பாட்டிலுக்குள் ரத்தம் குடுகுடுவென்று ஏறியது என்று பிறகு சொன்னார்கள், அவள் பார்க்கவில்லை, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வளைவில் குளக்கரை ரோடு திரும்பியது, வாலாங்குளம் வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது, வாக்கியத்தின் தலை வந்து வாலோடு ஒட்டிக்கொண்டது. இன்ஜின் முன்பக்கம் ஒரு பம்ப் காத்தை இழுக்குது, அந்த இழுப்புதான் இன்ஜினை நிறுத்தறது, கதவைப் பூட்டறது, கியரை மெதுவா மாத்தறது, எல்லாத்துக்கும் ஒரே இழுப்பு, நம்ம தியேட்டர் சக்ஷன் மாதிரிதான் சிஸ்டர்.

வண்டியை ஓரம் கட்டினாள். எப்படிக் கட்டினாள் என்று அவளுக்கே தெரியாது, பின்னால் வந்த டூவீலர்க்காரன் ஏதோ திட்டிவிட்டுப் போனான், திட்டட்டும், நல்லா இருக்கட்டும். மூன்று வியாதி இல்லை. ஒன்றே ஒன்று. கர்த்தரே, ஒன்றே ஒன்று. காய்ச்சலுக்கு ஒருவர், வீக்கத்துக்கு ஒருவர், வாந்திக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பார்த்து மருந்து எழுதிக்கொண்டிருந்தோம், ஒருவரும் ஆளை முழுசாகப் பார்க்கவில்லை. சீட் கவர்க்காரர் உறை மாற்றக் கதவைத் திறந்திருக்கிறார், உள்ளே ஒல்லியாக ஒரு குழாய், அது கையில் தட்டிக் கழன்றிருக்கும், இல்லை ஒடிந்திருக்கும், அவருக்கு என்ன தெரியும், ஏதோ வயர் என்று உள்ளே தள்ளி மேலே அழகாகத் தைத்துவிட்டார். அன்றிலிருந்து இழுப்பு முழுக்க அதன் வழியே நிற்காமல் வீணாகிறது. புதுநன்மைக்கு அப்புறம்தான் எல்லாமே, ஆமாம், சாக்லேட் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரும்போதுதான் முதல் முட்டு, பெட்டிகள் சரிந்தன, அமல்தான் வண்டிக்கு வயசாயிடுச்சுக்கா என்றான். வார்டில் எத்தனை பயிற்சிப் பெண்களைக் குமிழை மூடவில்லையென்று நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள், இப்போது அதே ஸ்ஸ்ஸைச் சொந்தக் காரில் வைத்துக்கொண்டு ஏ.சி. சத்தம் என்று நினைத்து இத்தனை மாதம் சுகமாக ஓட்டியிருக்கிறாள். இறங்கினாள். இன்ஜினை ஓடவிட்டே இறங்கினாள், அதுதான் எப்படியும் நிற்காதே. பின்கதவைத் திறந்து பையை எடுத்தாள், ஸ்பிரிட் பாட்டில் உடையவில்லை, நல்ல சகுனம், அவள் சகுனம் பார்க்கிறவள் இல்லை, இன்றைக்குப் பார்ப்பதாக வைத்துக்கொண்டாள். பானெட் தூக்கியதும் சூடு முகத்தில் அறைந்தது. பம்ப் இதோ, அன்றைக்கு சர்ஜன் தட்டிக் காட்டியது, அதிலிருந்து பிரேக்குக்கு ஒரு தடித்த குழாய், அதன் முதுகில் சின்னக் கிளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறக் கோடு, கிளை பிரிகிற இடங்களில் சுண்டுவிரல் நீளத்துக்கு ரப்பர். எது கதவுக்கு. விரலால் பிடித்துக்கொண்டே போனாள், ஒன்று இன்ஜினின் பக்கத்துக்கே திரும்பிவிட்டது, ஒன்று கீழே கியர் பெட்டிக்கு இறங்கியது, மஞ்சள் கோடு போட்டது மட்டும் இன்ஜினை விட்டு விலகித் தடுப்புச் சுவரைத் துளைத்து வண்டிக்குள் போனது. உள்ளே போகிறது என்றால் கதவுக்குத்தான். நரம்பைத் தேடிப் பிடிக்கிறதுபோல அதன் ரப்பரை இரண்டு விரலால் பிடித்தாள், பையிலிருந்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை எடுத்தாள், ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சின்ன இடுக்கி, வேலையில் சேர்ந்த வருஷத்திலிருந்து கூடவே இருப்பது, மஞ்சள் கோட்டின் ரப்பரைக் குறுக்கே கவ்வினாள், பல் டக், டக் என்று பூட்டிக்கொண்டது. நொண்டிக்கொண்டு பின்கதவுக்குப் போய்க் குனிந்து மாந்தளிர் உறையில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. முன்னால் இன்ஜினின் தடதடப்பு, குளத்திலிருந்து நாரை ஒன்று கத்தியது, அவ்வளவுதான். அவள் அப்படியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வரட்டும், பார்க்கிறவர்கள் வெயிலில் ஒரு கிழவிக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

சாவியைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சோதனை, அதுதான் முறை. கிளம்பினாள், தோள் இறுகியது, ஒன்று, இதோ வருகிறது, இதோ, வரவே இல்லை, சத்தத்தின் தொனி மட்டும் கொஞ்சம் இறங்கிற்று, இரண்டு வந்துவிட்டிருந்தது. வாய்விட்டு அம்மா என்றாள். இன்னும் மிதித்தாள், இப்போது பெரியது, இரண்டிலிருந்து மூன்று, இன்ஜின் உறுமி ஏறியது, ஏறிக்கொண்டே போனது, ஊளையிட்டது, வண்டி மட்டும் பிடிக்காமல் அந்தரத்தில் நீந்துகிற மாதிரி, எந்தக் கியரிலும் இல்லாமல், ஐயோ போச்சு, அப்புறம் மெதுவாக எங்கிருந்தோ மூன்று வந்து ஒட்டிக்கொண்டது. வழுக்குகிறது. அந்தக் குளிர்ந்த தட்டு மறுபடி வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்தது. முட்டினாலாவது பிடிக்கிறது என்று அர்த்தம், வழுக்கினால் உள்ளே பிடிக்கிற சாமானே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், கனகு சொன்னதுதான் சரி, நான்தான் ஒரு இடுக்கியை வைத்துக்கொண்டு பெரிய வைத்தியக்காரி மாதிரி. அமல் சிரிக்க மாட்டான், அதுதான் இன்னும் மோசம், பரவாயில்லக்கா என்பான். பரவாயில்லக்கா, கூப்பிட்டாப் போதும். மறுபடி மெதுவாக்கி மறுபடி மிதித்தாள், மறுபடி அதே ஊளை, அதே நீச்சல். முன்னைவிட மோசம். ஒன்று சரியாகி இன்னொன்று எப்படிக் கெட்டது. இரு. இரு, இரு, பிலோமி. ஒன்று சரியானதும் இன்னொன்று கெட்டால், முதலில் எதைப் பார்ப்பாய். ஜுரம் விட்டதும் நோயாளி திடீரென்று சோர்ந்து விழுந்தால் எதைப் பார்ப்பாய், சொட்டுக் குழாயைப் பார்ப்பாய், நோய் போன பிறகும் அந்தப் பழைய அளவிலேயே மருந்து ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பாய். ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தபோது இறக்க வைத்த மருந்து, எகிற வைத்த காரணம் நீங்கிய பிறகும் இறக்கிக்கொண்டே இருக்கும். திருகு. ரப்பர் மூடிக்குள்ளே இருந்த திருகு. முட்டுகிறது முட்டுகிறது என்று இவள் அழுததால் கனகு கியரின் பிடியை இளக்கி வைத்தார், இரண்டு பல். அப்போது இழுப்பு இல்லை, அதனால் இளக்கினது கொஞ்சம் உதவிற்று. இப்போது இழுப்பு முழுசாக வந்துவிட்டது, இழுப்பும் இளக்குகிறது, திருகும் இளக்குகிறது, இரட்டை மருந்து, பிடி எங்கிருந்து வரும். தேயவில்லை. ஒன்றும் தேயவில்லை. மருந்தை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இனி மிதிக்காமல், பூவைத் தொடுகிறதுபோலக் காலை வைத்து, மூன்றாவது தானாக வந்து ஒட்டுகிற வரை பொறுத்து, குளக்கரை நெடுக அவள் வண்டியை ஒரு நோயாளியைக் கட்டில் மாற்றுகிற மாதிரி கொண்டுபோனாள். வயிற்றில் இருந்தது இப்போது நிஜமாகவே பசி.

உக்கடத்தில் அந்த இடம், கதவு இல்லாத கார்கள், கார் இல்லாத கதவுகள், வாசலில் அமல்ராஜ், பக்கத்தில் இடத்துக்காரர், அமலுக்கு இந்த இடத்தைச் சொல்லிவிட்ட கனகு குழி ஓரத்தில் டீ கிளாஸோடு. உள்ளே திருப்பி நிறுத்தினாள். அமல் வழக்கம்போல இரு இரு என்று கையைக் காட்டிக்கொண்டே முன்னால் ஓடிவந்தான், பானெட்டைத் தூக்கி அந்த நெம்புகோலை அழுத்த, இத்தனை மாதமாக அவன்தான் இந்தக் காரின் தூக்கு மேடைக்காரன். அவள் சாவியைத் திருப்பினாள். அப்போதே நின்றது. ஒரு தடதடப்பு இல்லை, ஒரு இழுவை இல்லை, அமல் குனிந்து பானெட்டில் கை வைத்தபடி நின்றுவிட்டான், எதை அழுத்துவது என்று தெரியாமல். அந்த அமைதியில் கனகு கிளாஸைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. வாழ்க்கையில் எத்தனையோ பேர் பிழைத்து எழுந்ததைப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை என்று சொன்னால் அது பாவமாக இருக்கலாம், ஆனால் உண்மை. இறங்கிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள், காலிக் கட்டிலையும் மூடாத குமிழையும் சேர்த்தே சொன்னாள், கனகு பானெட்டைத் தூக்கி மஞ்சள் கோட்டில் கவ்விக்கொண்டிருந்த இடுக்கியைப் பார்த்தார், பின்கதவு உறையை விரலால் தடவினார்.

"அப்ப நான் திருப்பி வெச்சதை நானே திருப்போணுங்," என்றார். "குழிமேல ஏத்துங் சிஸ்டர்."

படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை, அவரே இறங்கினார். கீழே இருந்து சாமான் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு பல் திருப்பிவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார், இடத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு, ஊளை பாதியாகக் குறைந்திருந்தது, மறுபடி குழிமேல், இன்னொரு பல். இடத்துக்காரர் ஒரு நாற்காலியை எடுத்துப்போட்டு வேடிக்கை பார்த்தார், உடைக்கிற இடத்தில் ஒரு வண்டி பிழைப்பதை அவரும் அடிக்கடி பார்த்திருக்க மாட்டார் போல. பாதகமில்லீங், அடுத்த வண்டி வரும் என்றார், வருத்தம் இருக்கிற மாதிரியும் தெரியவில்லை. கனகு மேலே வந்து கையைத் துடைத்தார், இந்தத் தடவை கையில் நிஜமாகவே எண்ணெய் இருந்தது. கதவு உறையைப் பிரித்து உள்ளே குழாயைச் சேர்க்கிற வரைக்கும் இடுக்கியை எடுக்க வேண்டாம், பூட்டு மட்டும் வேலை செய்யாது, மற்றதெல்லாம் ஓடும் என்று சொன்னார். அவள் தெரியும் என்றாள். அமல் இன்னும் பானெட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான், பாவம், அவன் கைக்கு வேலை போய்விட்டது. நான் ஓட்டட்டுமாக்கா, நீ அலைஞ்சு வந்திருக்கே என்றான். அவள் அவன் தோளைத் தட்டினாள், அன்பாகத்தான் தட்டினாள்.

"வேண்டாம் அமல். எங்கியாவது போகணும்னா நீ என்னைக் கூப்பிடு. நான் வந்து நிப்பேன்."

பாலக்காடு ரோட்டில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, தோள் இறுகியது, பழக்கம் விடுமா, இரண்டிலிருந்து மூன்றுக்கு, இப்போது, இப்போது என்று காத்திருந்தாள், லாரி ஒன்றைத் தாண்டினாள், ஒரு ஸ்கூல் பஸ்ஸுக்கு வழிவிட்டாள், இன்னும் வரவில்லையே என்று பயந்து கீழே வேக முள்ளைப் பார்த்தால், மூன்று எப்போதோ வந்து, வந்ததே தெரியாமல், ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் பை அசையவில்லை. தோளைத் தளர்த்தினாள், தளர்த்தினதும்தான் தெரிந்தது, இத்தனை மாதமாக அந்தத் தோளை ஒரு நாள்கூட இறக்கி வைக்கவே இல்லை என்று. பாட வேண்டும் போலிருந்தது, கோயிலில் பாடுகிற பாட்டு ஒன்று வாய்க்கு வந்தது, உரக்கவே பாடினாள், சுருதி எங்கேயோ போயிற்று, அதனால் என்ன, வண்டி அவளுடையது. நாளைக்கு நாலு வீடு. நாளை மறுநாளும் நாலு வீடு. குனியமுத்தூரில் போஸ்ட்மாஸ்டர் தெருவுக்குள் திரும்பி, வேலுச்சாமி சார் வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பினாள், நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே படியேறினாள். அவர் சாய்வு நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டபடி, தெருமுக்குப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, இன்றைக்கு இனி வரமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார். சார் என்றாள். தூக்கிப்போட்டு நிமிர்ந்தார், வேட்டியை அவசரமாக ஒதுக்கினார்.

"எப்ப வந்தீங்க சிஸ்டர்? சத்தமே கேக்கலியே."

பிலோமினா பையைத் தரையில் வைத்தாள். ஸ்டூலை இழுத்து அவருடைய காலை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கி வைத்தாள், கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"கேக்காதுங்க சார்," என்றாள்.